நாய்கள் வரலாம், கால்கள் கூடாது

மேனேஜருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

மேனேஜர் என்பது நாய். நாள் முழுக்க வாசலில் மல்லாந்து கிடந்துவிட்டு, யாராவது உருப்படியாக ஒரு வேலைக்குக் கிளம்பினால் மட்டும் எழுந்து வந்து குரைக்கிற அதன் சுபாவத்தைப் பார்த்து லிஃப்ட் மெக்கானிக் வைத்த பெயர் அது. அலுவலகத்தில் காட்ட முடியாத கோபத்தை அவர் வீட்டில் பெயராக வைத்துக்கொண்டார் என்று அவர் மனைவி சொல்வாள். இன்னொரு நாயும் உண்டு. அதன் பெயர் ஊசி. முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனால் குரல் ஒரு காதில் ஏறி மறு காதில் இறங்கும்.

கால்நடை மருத்துவர் மேனேஜரின் பின்னங்கால்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மருந்தெல்லாம் ஓரளவுக்குத்தான். மெத்துன்னு புல்லுல நடக்க விடுங்க. சிமெண்டு, டைல்ஸ், தார் ரோடு எதுவும் ஆகாது. இப்படியே விட்டா கொஞ்ச நாள்ல எழுந்திரிக்கவே மாட்டான்."

சொல்வதற்கு என்ன, சொல்லிவிட்டார். புல்லுக்கு எங்கே போவது? மெக்கானிக் குடியிருந்தது நாலாவது மாடியில். கீழே தோட்டம் என்று எழுதி வைத்திருந்த இடத்தில் பச்சைச் சாயம் பூசிய சிமெண்டுத் தரை இருந்தது. நகரத்துப் பூங்காவில் புல் இருந்தது. அதைச் சுற்றிக் கம்பிவேலி இருந்தது. வேலியில் நாய்ப் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருந்தது. விளையாட்டரங்கத்தில் ஓட்டப்பந்தயக்காரர்களையே புல்லில் விடுவதில்லை. அலைந்து அலைந்து இரண்டு பேருக்கும் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

"எந்த நாட்டு மாத்திரை வேணும்னாலும் ஒரு வாரத்துல வரவழைச்சுடறோம்," என்றாள் மனைவி. அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. "ஒரு சாண் புல்லு கிடைக்க மாட்டேங்குதே."

அப்போதுதான் அந்த விளம்பரப் பலகை மெக்கானிக் கண்ணில் பட்டது. ஊருக்கு வெளியே ஒரு மருத்துவமனையில் நின்றுபோன லிஃப்ட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய பலகை. அதில் பச்சைப்பசேல் என்று ஒரு வெளி. நடுவில் ஒரு நாய் ஆனந்தமாகத் துள்ளிக்கொண்டிருந்தது. மேலே கொட்டை எழுத்தில்: "நாய்களுடன் வருக! வரலாற்றை முகர்ந்து பாருங்கள்!" கீழே சிறிய எழுத்தில்: "போர்க்களப் பாதுகாப்பு ஆணையம்".

பழைய போர்க்களம் அது. எந்தக் காலத்திலோ மலைப் பக்கத்திலிருந்து ஒரு படையும் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒரு படையும் வந்து மோதிக்கொண்ட இடம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மெக்கானிக் அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்திருந்தார். இப்போது அவருக்கு அந்த இரண்டு படைகள் மீதும் பெரிய மரியாதை வந்தது. சண்டை போடுவதென்று வந்தபிறகு நல்ல புல்தரையாகப் பார்த்துப் போட்டிருக்கிறார்களே!

விடுமுறை நாளில் நால்வரும் காரில் கிளம்பினார்கள். நாய்களுக்கான தண்ணீர்ப் புட்டி, கிண்ணம், தீனி, துண்டு எல்லாம் ஒரு பையில். பை மனைவியிடம். பின் இருக்கையில் மேனேஜர் படுத்திருக்க, அதன் முதுகின் மேல் ஊசி உட்கார்ந்து வழி நெடுக எல்லா லாரிகளையும் திட்டிக்கொண்டு வந்தது.

போர்க்களத்தின் வாயிலில் ஒரு காவலாளி எழுந்து நின்று வரவேற்றார். இதுவே மெக்கானிக்குக் கொஞ்சம் புதுமையாக இருந்தது.

"வாங்க சார், வாங்கம்மா. ரெண்டு நாயா? ரொம்ப சந்தோஷம். இது எந்தப் படை, அது எந்தப் படை?"

"படையா? வீட்டு நாய்ங்க."

"அது தெரியுது சார். இங்க வர்ற யாரும் சும்மா வேடிக்கை பாத்துட்டுப் போகக்கூடாதுன்னு ஆணையத்துல முடிவு. ஆளாளுக்கு ஒரு படையில சேர்ந்துதான் உள்ள போகணும். முன்னால வர்ற நாய் மலைப்படை, அடுத்தது ஆத்துப்படை."

அப்படிச் சொல்லிக்கொண்டே மேனேஜர் கழுத்தில் ஒரு சிவப்பு நாடாவையும் ஊசி கழுத்தில் ஒரு பச்சை நாடாவையும் கட்டிவிட்டார்.

"மலைப்படை இந்த வழி. ஆத்துப்படை அந்த வழி. நடுவுல அகழி இருக்கு. தாண்டக் கூடாது."

"ரெண்டும் ஒரே வீட்டு நாய்ங்க," என்றாள் மனைவி. "ஒரே தட்டுல சாப்பிடுதுங்க."

"வீட்டுக்குப் போனதும் தாராளமா சாப்பிடட்டும்மா. உள்ள இருக்கிற வரைக்கும் விரோதிங்க. நீங்க எந்த நாயோட போறீங்க?"

ஊசி மெக்கானிக்கிடம் அடங்காது. ஆகவே கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர்கள் அதிகாரபூர்வமாக எதிரிகளானார்கள். "புல்லைப் பாத்ததும் கொஞ்சம் கொஞ்சமா நடக்க விடுங்க, ஒரேயடியா ஓட விட்டுடாதீங்க," என்று சொல்லிவிட்டு மனைவி பச்சை வழியில் போனாள். அவள் வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் பை அவளோடு போய்விட்டது மெக்கானிக்குத் தெரிந்தது.

போகட்டும், புல் வந்துவிட்டது. சிவப்பு வழியின் முடிவில் ஒரு சின்னக் கதவு. கதவுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. மேனேஜர் மூக்கைத் தூக்கியது. வாலை ஒரு தரம் ஆட்டியது. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அது செய்த முதல் வேலை அதுதான். மெக்கானிக் குனிந்து சங்கிலியைக் கழற்றப் போனார்.

"சார்! சார்! கால்!"

வழிகாட்டிப் பெண் ஓடிவந்தாள். இடுப்பில் ஒலிபெருக்கிப் பெட்டியும் காதோரம் மைக்கும் மாட்டியிருந்ததால் அவள் பதறியது போர்க்களம் முழுக்கக் கேட்டது.

"காலா? என்ன கால்?"

"நாயோட கால் சார். தரையில படக்கூடாது. வீரர்கள் விழுந்த மண்ணு."

"நாய்களோட வரச் சொல்லி நீங்கதானே பலகை வெச்சிருக்கீங்க?"

"ஆமா சார். நாய்க்கு அனுமதி உண்டு. காலுக்குத்தான் இல்ல. பலகையை நல்லாப் பாத்திருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும். அதுல நாலு காலும் எங்க இருக்கு?"

மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். படத்திலிருந்த நாயின் நாலு காலும் ஆகாயத்தில்தான் இருந்தன.

"அப்ப நாய் எப்படிங்க உள்ள வரும்?"

"தூக்கிக்கிட்டு வரலாம் சார். எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க."

மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்தார். புல்வெளியின் நடுவே மரப்பலகைப் பாதை ஒன்று போட்டிருந்தது. அதில் பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு நாயைச் சுமந்தபடி வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் தோளில் ஒரு வேட்டை நாய் சால்வை போலத் தொங்கியது.

"சரி, பலகையிலயாவது நடக்கட்டும்."

"நகம் பட்டா பலகை கீறும் சார். நடக்க விடணும்னா வண்டி நிறுத்தற இடத்துல விடுங்க. அங்க முழு அனுமதி உண்டு. நல்ல காங்கிரீட்டு."

திரும்பிப் போயிருக்கலாம்தான். ஆனால் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்த வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். மனைவி பச்சை வழியில் எங்கோ இருக்கிறாள் என்பது இன்னொரு பக்கம். உள்ளே போய்ப் பேசிப் பார்த்தால் ஏதாவது நடக்கும் என்று நினைத்தார். இப்படி நினைப்பவர்களை நம்பித்தான் ஆணையங்கள் நடக்கின்றன. அவர் மேனேஜரை வாரித் தூக்கினார். ஒரு சிமெண்டு மூட்டையின் கனம். வேலையில் எந்த மேனேஜரையும் தூக்கிப் பிடித்ததில்லை என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர் அவர். நாயோ, கடைசியில் தன் தகுதியை உலகம் புரிந்துகொண்டது என்ற நிறைவோடு அவர் காதை நக்கியது.

வழிகாட்டிப் பெண் வரிசையின் முன்னால் போய் நின்று பேசத் தொடங்கினாள்.

"இந்த மாபெரும் போரில் மலைப்படையும் ஆற்றுப்படையும் வெற்றி பெற்றன."

"ரெண்டுமா?" என்றார் வேட்டை நாய்க்காரர்.

"ஆமா சார். முன்னாடி மலைப்படைன்னு சொல்லிக்கிட்டிருந்தோம். ஆத்துப் பக்கத்து ஆளுங்க மனு கொடுத்தாங்க. ஆத்துப்படைன்னு மாத்தினோம். மலைப் பக்கத்து ஆளுங்க வந்து வாசல்ல உக்காந்துட்டாங்க. இப்ப ரெண்டும்தான்."

"அப்ப தோத்தது யாரு?"

"தோல்வி பத்தி மேலேர்ந்து இன்னும் உத்தரவு வரல சார்."

அடுத்து ஒரு பீடத்தின் மேல் கல் நாய் ஒன்றைக் காட்டினாள். மலைப்படைத் தளபதியின் நாயாம். தளபதி விழுந்த பிறகும் அவர் உடலை விட்டு நகராமல், இதே மண்ணில், மழையிலும் வெயிலிலும் நாட்கணக்காகக் காவல் நின்றதாம். அந்த நாயின் நினைவாகத்தான் நாய்களை அனுமதிக்கும் இந்தத் திட்டமே.

மெக்கானிக்குக் கை இரண்டும் கடுத்துக்கொண்டிருந்தது. "ஏம்மா, அந்த நாயி மட்டும் தரையில கால் வெச்சுத்தானே நின்னிருக்கும்?"

"அப்ப ஆணையம் இல்லீங்களே சார்," என்றாள் அவள், வருத்தத்தோடு.

பிறகு மௌன அஞ்சலி. போர்க்களத்தின் மேலாளர் பெரிய ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடை. மார்பில் அவரே வாங்கிக் குத்திக்கொண்டது போல ஒரு பதக்கம். "இப்போது வீரர்களுக்காக மௌனம் தொடங்குகிறது!" என்று அவர் முழங்க, ஒலிபெருக்கி கரகரத்தது. அந்தக் கரகரப்பு மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. "வள்" என்றது.

"மௌனம் கலைந்தது. மறுபடியும் தொடங்குகிறது!"

"வள்!"

"மௌனம் கலைந்தது! மறுபடியும்..."

"வள்! வள்!"

அறிவிக்காமல் மௌனம் தொடங்கக் கூடாது என்பது விதி. அறிவித்தால் நாய் குரைக்கும். நாய் குரைத்தால் மறுபடியும் அறிவிக்க வேண்டும். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. வரிசையில் நின்றவர்கள் மெக்கானிக்கை முறைத்தார்கள். வீரர்கள் போரில் செத்தார்கள், நாம் அஞ்சலியில் சாகப் போகிறோம் என்று யாரோ முனகினார்கள். மெக்கானிக்குப் பொறுமை போய்விட்டது. நாயின் மூக்கைப் பிடித்துத் திருகி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"மேனேஜர்! வாயை மூடப்போறியா, இல்லையா?"

போர்க்களம் மௌனமானது. அன்றைய முதல் மௌனம் அதுதான்.

"யாரைச் சொன்னீங்க?" என்றார் மேலாளர்.

"நாயைச் சொன்னேன் சார்."

"மேனேஜர்னு சொன்னீங்க."

"நாய் பேரு மேனேஜர்."

சொன்ன பிறகுதான், முதலில் புரிந்துகொண்டதே தேவலை என்று மேலாளர் நினைப்பது அவர் முகத்தில் தெரிந்தது. "நாய்க்கா மேனேஜர்னு பேர் வெச்சிருக்கீங்க? நான் இருபது வருஷம் காத்திருந்து வாங்கின பதவி சார் இது!" அவர் குரல் உடைந்தது. உடனே தொலைபேசியை எடுத்து ஆணையத்தின் இயக்குநரைக் கூப்பிட்டார். இயக்குநர் வரும்வரை யாரும் நகரக் கூடாது என்று உத்தரவு ஆயிற்று.

மேனேஜருக்கு நாக்கு வெளியே தொங்கியது. மெக்கானிக்கின் சட்டை முழுக்க எச்சில். அகழிக்கு அந்தப் பக்கம், பச்சை நாடாக்காரர்களின் வரிசையில், இடுப்பில் ஊசியும் தோளில் பையுமாக மனைவி நிற்பது தெரிந்தது. கைதட்டிக் கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

"தண்ணி!" என்று கத்தினார்.

மனைவி புட்டியை எடுத்து ஆட்டிக் காட்டினாள். வீசவும் தயாரானாள்.

"நிறுத்துங்க!" என்றார் மேலாளர். "எதிரிப் படைக்குத் தண்ணி கொடுக்கறது சரித்திரத்துல இல்ல."

"சார், அவ என் பொண்டாட்டி!"

"அது வாசலுக்கு வெளியில. போர்நிறுத்தம் ஆனப்புறம் வாங்கிக்கலாம்."

"எப்ப ஆகும்?"

"அன்னிக்குச் சூரியன் சாஞ்சப்புறம்தான் ஆச்சு."

மெக்கானிக் எத்தனையோ பேரை நின்றுபோன லிஃப்ட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்தவர். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ஏன் அப்படிக் கதவைப் போட்டு உதைக்கிறார்கள் என்று அவருக்கு இதுவரை விளங்கியதில்லை.

இயக்குநர் பேட்டரி வண்டியில் வந்தார். வண்டி புல்லின் நடுவிலேயே வந்தது. இரண்டு பக்கமும் மண் பிதுங்கி நீளமாகத் தடம் விழுந்தது. மெக்கானிக் வழிகாட்டிப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

"அது சக்கரம் சார்," என்றாள் அவள். "விதி காலுக்குத்தான்."

இயக்குநர் படித்தவர், பண்பாளர். கோபப்படவே இல்லை. நாயைக்கூடத் தட்டிக் கொடுத்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குப் பேச வேண்டும் என்று தோன்றிவிட்டது. வழிகாட்டிப் பெண்ணின் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"நண்பர்களே, நான் பொறுப்புக்கு வந்தப்ப இந்த இடம் எப்படி இருந்தது தெரியுமா? வெறும் பொட்டல். ஜனங்க பாட்டுக்கு வருவாங்க, நடப்பாங்க, உக்காருவாங்க, குழந்தைங்க ஓடும். ஒரு மரியாதை உண்டா? இப்ப பாருங்க. ஒரு ஆள் கால் வைக்க முடியுமா? இதுதான் பாதுகாப்பு! இந்தப் புல்லு, சாதாரணப் புல்லு இல்ல. நர்சரியிலேர்ந்து லாரி லாரியா வரவழைச்சு, பாய் மாதிரி விரிச்சு ஒட்டவெச்சது. இதை யாரைக் கேட்டுப் பண்ணேன்? யாரையும் கேக்கல! துணிஞ்சு பண்ணேன்!"

"வீரர்கள் விழுந்த மண்ணுன்னு சொன்னாங்களே?" என்றார் வேட்டை நாய்க்காரர்.

இயக்குநர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "உண்மையைச் சொல்றதுல எனக்கு எப்பவும் தயக்கம் கிடையாது. சண்டை நடந்தது இங்க இல்ல. நம்ம ஆபீஸும் வண்டி நிறுத்தற இடமும் இருக்கே, அங்கதான். அஸ்திவாரம் தோண்டும்போதுதான் ஒவ்வொண்ணா வர ஆரம்பிச்சது. வாளு, கேடயம், எலும்பு... அப்ப என்ன பண்ண முடியும்? கட்டடத்துக்கு அனுமதி வாங்கியாச்சு. கட்டடத்தை நகர்த்த முடியாது. அதனால வரலாற்றைக் கொஞ்சம் இந்தப் பக்கமா நகர்த்தி வெச்சோம்."

மேலாளர் கைதட்டினார். வழிகாட்டிப் பெண்ணும் தட்டினாள். கையில் நாய் இருந்ததால் மற்றவர்கள் தட்டவில்லை.

ஒலிபெருக்கியின் தயவால் இது அகழிக்கு அந்தப் பக்கமும் ஒரு சொல் விடாமல் கேட்டது. மெக்கானிக்கின் மனைவி ஊசியின் கழுத்திலிருந்து பச்சை நாடாவை அவிழ்த்தாள். பக்கத்திலிருந்த கம்பத்தில் அதைக் கட்டினாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அகழியில் இறங்கி, இந்தப் பக்கம் ஏறி, புல்லின் மேல் நடந்து வந்தாள். அன்றைக்கு அந்தக் களத்தில் செருப்பைக் கழற்றியவள் அவள் ஒருத்திதான்.

விசில் ஊதினார்கள். "அம்மா! ஆத்துப்படை அம்மா! திரும்பிப் போங்க!" என்று மேலாளர் அலறினார். அவள் பாட்டுக்கு வந்தாள். நடுப்புல்லில் உட்கார்ந்து கிண்ணத்தை வைத்தாள். தண்ணீரை ஊற்றினாள்.

"மேனேஜர், வாடா," என்றாள்.

மேலாளர் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றுகொண்டார்.

மெக்கானிக்கின் கைக்குள் மேனேஜர் நெளிந்தது. பிடித்துக்கொள்ளத்தான் நினைத்தார் என்று பின்னால் விசாரணையில் அவர் சொன்னார். அது பொய். குனிந்து, இரண்டு கையாலும் பதமாக, பலகைக்கு அப்பால் புல்லில் இறக்கி விட்டார். நாயின் பின்னங்கால்கள் முதலில் மடங்கின. அது உட்கார்ந்துவிட்டது. பிறகு அது முன்னங்கால்களை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்துத் தூக்கி, ஒரு அடி வைத்தது. இன்னொன்று. கால் வழுக்கவில்லை என்று தெரிந்ததும் நின்று திரும்பி அவரைப் பார்த்தது. "போடா, போ," என்றார். இடுப்பு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் என்று ஆட, மேனேஜர் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வேலையை முடித்தது: தண்ணீர்க் கிண்ணம்வரை தானே நடந்து போய்ச் சேர்ந்தது. பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு அப்படியே சாய்ந்து படுத்தது. மனைவியின் மடியிலிருந்து குதித்த ஊசி ஓடிப்போய் அதன் முதுகில் ஏறிக்கொண்டது.

"தூக்குங்க! உடனே தூக்குங்க!" என்றார் மேலாளர்.

மெக்கானிக் போகக் காலெடுத்தார். இயக்குநர் கையை உயர்த்தினார்.

"யாரும் தொடாதீங்க. அத்துமீறல் நடந்திருக்கு. விசாரணை அதிகாரி வந்து பாக்கற வரைக்கும் இருந்தது இருந்தபடியே இருக்கணும். நாய் உள்பட."

மனைவியை மட்டும் வெளியே வரச் சொல்லிவிட்டு, நாய்களையும் கிண்ணத்தையும் சுற்றிக் கயிறு கட்டினார்கள். விசாரணை அதிகாரி வேறு ஊரிலிருந்து வர வேண்டும். மற்ற பார்வையாளர்களை அனுப்பிவிட்டார்கள். மெக்கானிக்கும் மனைவியும் சம்பந்தப்பட்டவர்கள் என்பதால் போகக் கூடாது. சாட்சியத்தைக் கலைத்துவிடுவார்கள் என்பதால் கிட்டேயும் வரக் கூடாது. பலகைப் பாதையில் வெயிலில் உட்கார்ந்தார்கள்.

கயிற்றுக்குள் நாய்களின் பாடு வேறு மாதிரி இருந்தது. சாட்சியம் வெயிலில் வாடக்கூடாது என்று இயக்குநர் சொன்னதால், கயிற்றுக்கு வெளியே நின்று மேலாளர் குடை பிடிக்க வேண்டியதாயிற்று. கிண்ணத்தில் சம்பவ நேரத்தில் பாதித் தண்ணீர் இருந்தது. அந்த அளவு மாறக்கூடாது. மேனேஜர் குடிக்கக் குடிக்க, மேலாளர் நீளமான குழாயைப் பிடித்து அதே அளவுக்கு நிரப்பிக்கொண்டே இருந்தார். நாய் எழுந்து இரண்டு அடி நடந்தது. கயிற்றையும் குடையையும் இரண்டு அடி நகர்த்தினார்கள். புல்லில் முதுகைத் தேய்த்துப் புரண்டது. கொஞ்சம் தூங்கிற்று. மறுபடி எழுந்து நடந்தது.

"பாத்தீங்களா, இப்ப கால் மடங்கல," என்றாள் மனைவி.

"நமக்குத்தான் மடங்குது," என்றார் மெக்கானிக். அவருக்குக் காலை முதல் பட்டினி. பையிலிருந்த தீனியும் சாட்சியமாகிவிட்டிருந்தது.

சாயங்காலம் விசாரணை அதிகாரி வந்தார். வறண்ட மனிதர். எல்லோரையும் கேட்டார். இயக்குநர் தன் உரையை ஒரு எழுத்துக் குறையாமல் மறுபடியும் நிகழ்த்தினார். அதிகாரி குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கி மோந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்:

"நாய் வாசல் வழியா, அனுமதியோட, நாடா கட்டிக்கிட்டு வந்திருக்கு. அதுமேல தப்பு இல்ல. புல்லுதான் யாரோட அனுமதியும் இல்லாம உள்ள வந்திருக்கு. புல்லை வெளியேத்துங்க."

மெக்கானிக்கும் மனைவியும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ஒரு நாள் புல்லிலேயே மேனேஜர் கொஞ்சம் தேறியிருந்தது. "எங்க கூட்டிட்டுப் போனீங்க? அங்கயே மறுபடியும் கூட்டிட்டுப் போங்க," என்றார் மருத்துவர். போர்க்களம் என்று சொல்ல மெக்கானிக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதம் போனார்கள். பச்சைப் பலகை போய் வேறு பலகை வந்திருந்தது: "இனி நாய்கள் தாராளமாகக் கால் பதிக்கலாம்!" அதே காவலாளி ஓடிவந்து மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்களா! உங்களாலதான் சார் எல்லாம் நடந்தது. படை கிடையாது, நாடா கிடையாது, தூக்க வேண்டாம். எங்க வேணும்னாலும் நடக்க விடுங்க."

உள்ளே போனார்கள். அகழிக்கு இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று டைல்ஸ் பதித்திருந்தது. ஓரத்தில் திறந்து வைத்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருந்தார்கள். போரில் செத்தவர்களின் பெயர்களுக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது.

"வெயில்ல லேசா சுடும். மத்தபடி அருமையா இருக்கும்," என்றார் காவலாளி.

மேனேஜர் ஒரு காலை வைத்துப் பார்த்தது. எடுத்துக்கொண்டது. மெக்கானிக்கை நிமிர்ந்து பார்த்தது.

அவர் வாயில் வந்ததை எல்லாம் மனைவி கையமர்த்தி விழுங்க வைத்தாள். நாயைத் தூக்கிக்கொண்டு காருக்குத் திரும்பினார்கள். வழியெல்லாம் அவர் ஸ்டீயரிங்கை ஏதோ அதுதான் இயக்குநர் என்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி போர்க்களத்தின் வெளிச்சுவரை ஒட்டிய மண்பாதையில் திரும்பியபோது மனைவி, "நிறுத்துங்க, நிறுத்துங்க," என்றாள்.

சுவருக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில், பெயர்த்தெடுத்த புல்லைச் சுருள் சுருளாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். பாதி காய்ந்து போயிருந்தது. மீதிப் பாதி, சாக்கடைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, சுருள் விரிந்து, கோணல்மாணலாக மண்ணில் வேர் பிடித்திருந்தது. போர்க்களத்தில் இருந்ததைவிட நல்ல பச்சை.

கதவைத் திறந்ததும் மேனேஜர் தானாகவே இறங்கியது. ஊசி அதற்கு முன்னால் குதித்து ஓடி, அந்த இடம் முழுவதையும் ஒருமுறை திட்டித் தீர்த்தது. இரண்டும் மேட்டிலும் பள்ளத்திலுமாக நடந்தன. மெக்கானிக் ஒரு சுருளின் மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

சுவருக்கு மேலே ஒரு தொப்பி தெரிந்தது. அதன் கீழே மேலாளரின் முகம் வந்தது. நாய்களைப் பார்த்தார். விசிலை வாயருகே கொண்டுபோனார். சுவரைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார்.

"இது எங்க எல்லைக்குள்ள வராது," என்றார் கடைசியில். சொல்லும்போது அவருக்கே வலித்தது.

"சந்தோஷம்," என்றார் மெக்கானிக்.

"ஆனா இவ்வளவு புல்லு பாதுகாப்பே இல்லாம கிடக்குன்னு இயக்குநர் கவனத்துக்குக் கொண்டு போயிருக்கேன். அடுத்த வாரம் அளக்க வர்றாங்க."

மெக்கானிக் எழுந்திருக்கப் போனார். மனைவி அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"அடுத்த வாரம்தானே வர்றாங்க?" என்றாள் மேலாளரைப் பார்த்து. "இன்னிக்கு நடக்கட்டும். நீங்க அந்தத் தலையைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கிறீங்களா? நாய் மிரளுது."